ஆடியவர்கள் சொல்ல வேண்டிய கதை

வீடியோ கேம் ரசிகர்கள் ஒன்றுகூடினால் சிறிது நேரத்திலேயே பேச்சு கதைக்கு வந்துவிடுகிறது. எந்த கேமின் கதை சிறந்தது, எந்த முடிவு மனத்தை உலுக்கியது, எந்தப் பாத்திரத்தைச் சாகவிட்டிருக்கக் கூடாது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறோம். ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி கட்சீன்களைப் பற்றியதாகவே, அதாவது நம் கைகள் சும்மா இருந்தபோது திரையில் ஓடிய காட்சிகளைப் பற்றியதாகவே இருக்கிறது. எனக்கு இதில் நெடுநாளாக உடன்பாடில்லை. கேமின் விதிகளும் ஆடுபவரின் முடிவுகளும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் இந்தக் கலையின் கதை உருவாகிறது என்றும், ஆடியவர் அதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும்போதுதான் அது முழு வடிவம் பெறுகிறது என்றும் நான் நம்புகிறேன். எனவே ரசிகர்களின் பேச்சைக் கதையாக்கத்தின் கடைசிக் கட்டமாகவே கருதுகிறேன். இதை விளக்கச் சில கேம்களின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லியாக வேண்டும். அவற்றை இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

யோசெஃப் ஃபாரெஸ் இயக்கி 2013-இல் வெளிவந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ கேமிலிருந்து தொடங்குகிறேன். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் புறப்படும் அண்ணன், தம்பி இருவரையும் நாம் ஒருவரே, ஒரே நேரத்தில் இயக்க வேண்டும். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் இடப்பக்கக் குச்சியும் டிரிக்கரும் (விரலால் இழுக்கும் பொத்தான்) அண்ணனுக்கு உரியவை, வலப்பக்கத்தில் இருப்பவை தம்பிக்கு உரியவை. அவர்கள் பேசுவது ஒரு கற்பனை மொழி. நமக்கு ஒரு சொல்லும் புரியாது. தாயைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த தம்பிக்கு நீர் என்றாலே அச்சம் என்பதால், நீரைக் கடக்க நேரும்போதெல்லாம் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டே கடக்கிறான். அண்ணன் இறந்த பிறகு, மருந்துடன் தனியாகத் திரும்பும் வழியில் மீண்டும் நீர் குறுக்கிடுகிறது. தம்பிக்குரிய பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அவன் இறங்க மறுக்கிறான். அண்ணன் போனது முதல் பயனற்றுக் கிடந்த இடப்பக்க டிரிக்கரை அழுத்தினால்தான் அவன் நீந்தத் தொடங்குகிறான்.

இந்தப் பகுதியைக் காணொளியாகப் பார்ப்பவருக்கு, பயந்த சிறுவன் ஒருவன் துணிந்து நீந்தியது மட்டுமே தெரியும். ஆடியவருக்கு நடந்தது வேறு. அண்ணனை இயக்கிப் பழகிய இடக்கை, அவன் இறந்தபின் வேலையற்று, அவன் இல்லாமையைத் தானே சுமந்துகொண்டிருந்தது. அந்தக் கை திடீரென்று தேவைப்படும்போது, தம்பி யாருடைய துணிவைக் கொண்டு நீந்துகிறான் என்பதை யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை. இதே காட்சியை எழுத்திலோ திரைப்படத்திலோ அமைத்தால், அண்ணனின் குரல் தம்பியின் காதில் ஒலிப்பதாகத்தான் காட்ட வேண்டியிருக்கும். இந்த கேமைப் பற்றி யார் பேசினாலும், அண்ணன் எப்படி இறந்தான் என்பதைக் காட்டிலும் கரையில் நின்று அவர் எந்தெந்தப் பொத்தான்களை முயன்று பார்த்தார், எப்போது அவருக்கு விளங்கியது என்பதையே நான் கேட்க விரும்புகிறேன், ஏனெனில் அந்தத் தடுமாற்றம் கதைக்குள்ளேயே நடந்தது.

கட்சீன்களால் புகழ்பெற்ற பழைய கேம்களுக்கும் இது பொருந்தும். 1997-இல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’-இல், ஆடுபவரின் குழுவில் ஒருவரான ஏரித் கொல்லப்படுவது இந்தத் துறையில் மிக அதிகமாகப் பேசப்பட்ட மரணங்களுள் ஒன்று. அந்தக் காட்சி அழகாக எடுக்கப்பட்டதுதான், ஆனால் வலி காட்சியோடு முடிவதில்லை. பல மணிநேரம் ஆடி லெவல் (திறன்நிலை) ஏற்றி, ஆயுதம் தேர்ந்து, குழுவைக் குணப்படுத்தும் பொறுப்பை ஒப்படைத்து வைத்திருந்த ஒருவர் அடுத்த சண்டையில் இல்லை. விளையாட்டின் கணக்கிலேயே ஓர் ஓட்டை விழுகிறது. அவரை உயிர்ப்பிக்க ஏதோ ஒரு ரகசிய வழி இருக்கிறது என்ற வதந்தி ரசிகர்களிடையே பல ஆண்டுகள் உலவியது. அப்படி எந்த வழியும் இல்லை. ஆனாலும் அந்த வதந்தியை நான் வெறும் புரளி என்று ஒதுக்க மாட்டேன். விதிகளின் மூலம் இழந்ததை விதிகளின் மூலமே மீட்டுவிடலாம் என்று நம்பியவர்கள், அந்த மரணத்தை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

இரக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) கேமை விட்டுவிட முடியாது. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலர். எத்தனை பேரைச் சரியாகப் பரிசோதித்து அனுப்புகிறோமோ அதைப் பொறுத்தே அன்றைய சம்பளம். அதிலிருந்துதான் வாடகை, உணவு, கணப்பு, குடும்பத்தாரின் மருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் சரியான ஆவணங்களோடு ஒரு கணவர் கடந்து போகிறார். பின்னால் வரும் அவர் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை; திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சுகிறார். விதியை மீறி உள்ளே விட்டால் அது நம் கணக்கில் ஒரு தவறாகப் பதிவாகும். ஒரு நாளின் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே கிடைக்கும், அதற்குமேல் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கும்.

அந்தப் பெண்ணை உள்ளே விட்டதாகச் சொல்பவரிடம் நான் அறிய விரும்புவது, அன்று அதற்குமுன் அவர் எத்தனை தவறுகள் செய்திருந்தார் என்பதே. எச்சரிக்கை வரம்புக்குள் காட்டிய இரக்கமும், வீட்டில் மருந்துக்குப் பணம் போதாத நாளில் அபராதம் கட்டிக் காட்டிய இரக்கமும் ஒரே செயல் ஆகாது. அவர் கேட்ட வசனம் ஒன்றுதான், அழுத்திய முத்திரையும் ஒன்றுதான். ஆயினும் இரண்டு வேறு மனிதர்கள், இரண்டு வேறு கதைகள். இந்த வேறுபாடு எந்தக் கதைச்சுருக்கத்திலும் இருக்காது. ஆடியவர் வாய் திறந்து சொன்னால் மட்டுமே அது வெளிப்படும்.

இனி, எவருமே எழுதாத கதைகளுக்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் உருவாக்கி 2006-இல் முதன்முதலாக வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ கேமில் முன்கூட்டி எழுதப்பட்ட கதைத்தொடர் என்று எதுவும் இல்லை. மலைகள், ஆறுகள், அரசுகள், பல நூற்றாண்டு வரலாறு ஆகிய அனைத்தையும் கணினியே உருவாக்கித் தர, அந்த உலகில் குள்ளர்களின் குடியிருப்பு ஒன்றை நாம் அமைக்கிறோம். அந்தச் சகோதரர்களின் வேலை முறை எனக்கு மிகவும் பிடித்தமானது: சிறுகதை ஒன்றை எழுதி, அப்படியொரு கதை தானாகவே நிகழ வேண்டுமானால் கேமில் என்னென்ன விதிகள் தேவை என்று அதை அலசுவார்கள். அதாவது கதையை எழுதிய பிறகு அதைக் களைந்துவிட்டு, அது முளைக்கக்கூடிய நிலத்தை மட்டும் நம்மிடம் தருகிறார்கள்.

அந்த நிலத்தில் என்ன முளைக்கும் என்பது அவர்களுக்கே தெரியாது. மதுக்கூடங்கள் கேமில் சேர்க்கப்பட்ட பிறகு பூனைகள் காரணமின்றி இறப்பதை ஆடுபவர்கள் கவனித்தார்கள். ஆராய்ந்தபோது, தரையில் சிந்திய மது பூனைகளின் பாதங்களில் ஒட்டுகிறது, அவை உடலை நக்கித் தூய்மைப்படுத்தும்போது அது உள்ளே போகிறது, சிறிய உடல் என்பதால் நஞ்சாகிறது என்று தெரியவந்தது. உண்ட அளவைக் கணக்கிட்டதில் பிழை இருந்தது உண்மையே. ஆனால் சிந்திய மது, பாதம், நாக்கு, உடல் எடை என்ற அந்தக் காரணச் சங்கிலியை எந்த எழுத்தாளரும் திட்டமிடவில்லை. ஆடியவர்கள் ஒருவரோடொருவர் பேசி, சாட்சியங்களை ஒன்றுசேர்த்ததால்தான் அது ஒரு கதையாகத் துலங்கியது.

இதே கேமில் 2006-ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் தொடங்கிய ‘போட்மர்டர்ட்’ என்ற கோட்டையின் வரலாறு இதைவிடப் பெரிய சான்று. ஒருவர் கேமின் கணக்கில் ஓராண்டு ஆட்சி செய்து, ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் சேவ் கோப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் ஆட்சிக்காலத்தை ஆட்சியாளரின் குரலிலேயே எழுதிவைத்தார்கள். ஓயாமல் தாக்கும் யானைகள், கோட்டைக்கு வெளியே எரிமலைக் குழம்பைப் பாய்ச்சும் பொறி, முன்னவர் விட்டுச்சென்ற குழப்பத்தைப் பற்றிய புலம்பல் என்று அது வளர்ந்து வளர்ந்து பேரழிவில் முடிந்தது. அதை வாசித்தவர்களில் பலர் கேமைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். கேம் நிகழ்வுகளை மட்டுமே தந்தது. அச்சம், பெருமை, பழிபோடுதல், முன்னவரின் முட்டாள்தனத்தைப் பின்னவர் விளக்க முயலும் முயற்சி ஆகிய அனைத்தும் எழுதியவர்களிடமிருந்து வந்தன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வரலாறு இல்லை.

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்களில் இது இன்னும் பெரிய அளவில் நிகழ்கிறது. 2005 செப்டம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமில் ஹக்கார் என்ற பாஸ் (வலிமைமிக்க தலைமை எதிரி) ஏவும் ‘கரப்டட் பிளட்’ சாபம், வீரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாகத் தன் களத்தைத் தாண்டி நகரங்களுக்குப் பரவி, தெருக்களை எலும்புக்கூடுகளால் நிரப்பியது. சிலர் நோயுற்றவர்களைக் குணப்படுத்த ஓடினார்கள், சிலர் ஊரைவிட்டு வெளியேறினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். 2007-இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், உண்மையான தொற்றுநோய்க் காலத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வு உதவக்கூடும் என்று ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அந்த கேமின் எழுதப்பட்ட கதையில் எவ்வளவோ போர்களும் துரோகங்களும் உண்டு. அவற்றுள் எதையும்விட, திட்டமிடாத இந்தச் சில நாட்கள்தான் இன்றும் பேசப்படுகின்றன.

ரசிகர்களின் பேச்சை நம்பியே கட்டப்பட்ட கேமும் உண்டு. ஹிடெடாகா மியாசாகி இயக்கிய ‘டார்க் சோல்ஸ்’ (2011) தன் கதையை வாள், மோதிரம், கவசம் ஆகியவற்றின் சிறு குறிப்புகளில் துண்டுதுண்டாகச் சிதறவிட்டிருக்கிறது. இளவயதில் தன் வாசிப்புத் திறனுக்கு எட்டாத நூல்களைப் படித்து, புரியாத பகுதிகளைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாக மியாசாகி பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த அனுபவத்தையே நமக்கும் தர விரும்பினார். பிற ஆட்டக்காரர்கள் தரையில் விட்டுச்செல்லும் குறிப்புகளும், அவர்களின் கடைசி நொடிகளைக் காட்டும் இரத்தக்கறைகளும் அந்த உலகின் பகுதியாகவே இருக்கின்றன. இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. துண்டுகளை இணைத்து ஒரே முடிவான விளக்கமாக வழங்கும் காணொளிகள் பெருகிவிட்டன. அவற்றின் பின்னாலுள்ள உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஆடத் தொடங்கும் முன்பே அந்த விளக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு வருபவர்களோடு பேசும்போது, வினாவும் ஐயமும் இல்லாமல் பேச்சு உடனே வற்றிவிடுகிறது. தவறான ஊகமாகவே இருந்தாலும், ஒருவர் தாமே கண்ட இரண்டு குறிப்புகளைச் சேர்த்துச் சொல்லும் ஊகம் எனக்கு மேலானது.

2012-இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ முடிவுக்கு எழுந்த எதிர்ப்பையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். இன்பமான முடிவு கேட்டு அடம்பிடித்தார்கள் என்று ரசிகர்களைக் குறைசொன்னவர்கள் உண்டு. 2007 முதல் இந்தத் தொடரின் மூன்று கேம்களிலும் சேவ் கோப்பு வழியாகத் தாம் எடுத்த முடிவுகளைச் சுமந்துவந்தவர்களுக்கு, அந்த முடிவுகள் கடைசி நிமிடங்களில் ஏறத்தாழ எண்ணப்படாமல் போனதே சிக்கல். ஆடுபவர் இயக்கும் முதன்மைப் பாத்திரமான ஷெப்பர்ட் காணும் இறுதிக் காட்சிகள் எதிரி ஏற்படுத்திய மனமயக்கத்தால் விளைந்தவை என்று ரசிகர்கள் ஒரு கோட்பாட்டை, சான்றுகளை அடுக்கி, உருவாக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் விரிவாக்கப்பட்ட முடிவு இலவசமாக வெளியிடப்பட்டது. அந்த விரிவாக்கத்தைவிட ரசிகர்களின் கோட்பாடே எனக்குச் சிறந்த கதையாகத் தோன்றுகிறது, ஏனென்றால் அது ஆடியவர்கள் செய்தவற்றுக்கு மீண்டும் பொருள் தேடித்தர முயன்றது.

இதையெல்லாம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்சீன்கள் காணொளியாக எங்கேனும் பத்திரமாக இருக்கும். நாம் ஆடியது அப்படி இருக்காது. 2004-இல் தொடங்கிய ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற ஆன்லைன் கேம் 2012 நவம்பரில் மூடப்பட்டபோது, அங்கே எட்டு ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோனது. ரசிகர்களின் சர்வர்களால் 2019-இல் அந்த நகரம் மீண்டும் திறந்தது, 2024-இல் அவற்றுள் ஒன்றுக்கு முறையான உரிமமும் கிடைத்தது. தெருக்கள், எதிரிகள், பணிகள், எழுதப்பட்ட வசனங்கள் எல்லாம் திரும்பிவந்தன. ஆனால் எந்தக் குழு எந்த இரவில் யாருக்காகக் காத்திருந்தது, யார் யாரைக் காப்பாற்றினார், எந்த நட்பு எதனால் முறிந்தது என்பது எந்தச் சர்வரிலும் இல்லை. அங்கே இருந்தவர்கள் சொன்னால்தான் உண்டு. அடுத்த முறை நண்பர் ஒருவர் புதிய கேமை முடித்துவிட்டேன் என்றால், கதை எப்படி என்று கேட்பதற்கு முன், அதில் நீ என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேளுங்கள்; அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் பொறுத்திருங்கள்.