பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எல்லோரும் அந்தப் படத்தையே எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். திருகோணமலை நிலாவெளிப் படகுக்கார அண்ணாவின் விசிட்டிங் கார்ட்டைப் படமெடுத்து, பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இது கார்டா, கலியாண அழைப்பிதழா?" என்று ஒரு கேள்வி. கீழே சிரிக்கிற முகங்கள். அவருடைய போன் நம்பரை மட்டும் மறைத்திருக்கிறார்கள், அந்த நாகரிகத்துக்கு நன்றி. அடியில் பொடி எழுத்தில் இருக்கிற எங்கள் அச்சகத்தின் பெயரை மறைக்கத் தோன்றவில்லை. ஆகவே இதற்குப் பதில் சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது.

அதைத் தன் ஆலோசனைப் பக்கத்தில் போட்ட பிராண்டிங் ஆலோசகர் தம்பி சொல்வதன் சாரம் இது: இந்தக் காலத்தில் கார்ட்டில் ஆளின் பெயர் போடுவது பட்டிக்காட்டுத்தனம். லோகோ போதும், கியூஆர் குறி போதும். நிறுவனம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் ஆள் மறைய வேண்டுமாம்.

சரி தம்பி. சீசன் நேரத்தில் ஒரு தடவை நிலாவெளிக் கரைக்கு வந்து பாருங்கள். புறாமலைக்கு ஆள் ஏற்றுகிற படகுகள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி பைபர் படகு, ஒரே மாதிரி எஞ்சின், ஒரே செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி. போகிற தீவும் ஒன்றுதான். 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், பவளப்பாறையும் கறுப்புத்துடுப்புச் சுறாவும் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. அப்படியென்றால் ஒரு படகை விட்டுவிட்டு இன்னொன்றில் ஏன் ஏற வேண்டும்? ஓட்டுகிறவருக்காகத்தான். தண்ணீரைக் கண்டு பயந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்குகிறவர் யார், காற்று மாறுகிறது, இன்றைக்குப் போக வேண்டாம் என்று வந்த காசைத் திருப்பிக் கொடுக்கிறவர் யார் என்பதைத்தான் வந்தவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பி, "போனால் இன்னாரைக் கேள்" என்று அடுத்தவரிடம் சொல்வார்கள். "ப்ளூ ஓஷன் ஏதோவொன்றைக் கேள்" என்று சொன்னால் தேடிப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கரையில் ப்ளூவோ ஓஷனோ இல்லாத பலகையே குறைவு.

அதனால்தான் கார்ட் அடிக்க வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது பெயரைத்தான். லோகோ அப்புறம், நிறம் அப்புறம். பெயரைப் போடுங்கள். கடையின் பெயர் பெரிதாக இருக்கட்டும், அதன் கீழே உங்கள் பெயர், அதன் கீழே நீங்கள் செய்கிற வேலை. மூன்று மொழியிலும் போட இடம் போதாவிட்டால் முகவரியைச் சுருக்கலாம், பின்பக்கம் முழுவதும் வெள்ளையாகத்தானே கிடக்கிறது.

வெளிநாட்டில் இப்படி இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்த வெளிநாடு? நீங்கள் கொண்டாடுகிற கியூஆர் குறியை 1994 இல் உருவாக்கியது ஜப்பானின் டென்சோ நிறுவனத்து ஆட்கள். அதே ஜப்பானில் விசிட்டிங் கார்ட்டை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். வாங்குகிறவரும் இரண்டு கையாலும் வாங்கி, பெயரை வாசித்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார். பார்த்த உடனே காற்சட்டையின் பின்பையில் திணித்தால் அவமரியாதை. கியூஆரைத் தந்தவர்களே பெயரை விடவில்லை. நாங்கள் விட வேண்டுமாம்.

இன்னொன்று. எங்கள் நாட்டில் வியாபாரப் பெயர்களைப் பதிகிற கட்டளைச் சட்டம் 1918 இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. தன் சொந்தப் பெயர் அல்லாத வேறு பெயரில் வியாபாரம் செய்தால், அதற்குப் பின்னால் இருக்கிற ஆள் யாரென்று பதிவு செய் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றைக்கும் பிரதேச செயலகத்தில் போய்ப் பதிகிறோம், உரிமையாளர் பெயரைக் கொடுக்கிறோம். நூறு வருஷத்துக்கு மேலாக அரசாங்கத்துக்குத் தெரியவேண்டிய பெயர், காசு தருகிற வாடிக்கையாளருக்கு மட்டும் தெரியக்கூடாதா? (அந்த ஆலோசனைப் பக்கத்தை நடத்துவது யார் என்று தேடிப் பார்த்தேன். லோகோ இருக்கிறது, மிக அழகான லோகோ. பெயர் இல்லை.)

இனி உள்பெட்டியில் வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

வேலைக்கு இருக்கிற பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனால் பெயர் அடித்த கார்ட் எல்லாம் வீண் என்று ஒரு முதலாளி சொல்கிறார். 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நேரம், கார்ட் அடிக்கிற தடித்த தாளான ஆர்ட் போர்ட்டைத் தேடிக் கொழும்பு வரைக்கும் அலைந்தவள் நான். தாளின் அருமையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். டிஜிட்டலில் கொஞ்சமாக அடியுங்கள், முடிந்தது. உங்கள் பயம் தாளைப் பற்றியது இல்லை அண்ணா. வாடிக்கையாளர் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்விடுவார் என்ற பயம். அதற்கு மருந்து சம்பளத்தில் இருக்கிறது, கார்ட்டில் இல்லை.

பெண்கள் பெயரும் நம்பரும் போட்டால் தொல்லை வருமே என்று கேட்டவர்களுக்கு: வரும். எனக்கும் வந்தது. வேலைக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அணைத்துவிடுங்கள். அதற்குமேல் இதில் கதைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெயர் போடாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அதை யாரும் கேட்பதில்லை.

அப்பாவுக்குப் பிறகு அச்சகத்தை நான் எடுத்தபோது, "பொம்பிளைப் பிள்ளையின்ர பேர் வேண்டாம், கடைப் பேர் காணும்" என்று பெரியப்பா சொன்னார். கார்ட்டும் அப்படியே அடித்தது. வருகிற ஆட்கள் மேசையில் இருக்கிற என்னைப் பார்த்து, "முதலாளி இல்லையோ?" என்பார்கள். நான்தான் என்றால், "இல்லை, முதலாளி" என்று இன்னும் சத்தமாகக் கேட்பார்கள். மெஷினில் நிற்கிற பொடியனிடம் விலை பேசிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அவன் அப்போதுதான் வேலை பழக வந்திருந்தான், பாவம், விலை தெரியாமல் விழிப்பான். பிறகு என் பெயரைப் போட்டேன், கீழே உரிமையாளர் என்றும் போட்டேன். எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், இன்னும் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். ஆனால் இப்போது பேசாமல் ஒரு கார்ட்டை எடுத்து நீட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

கடைசியாக, எல்லோரும் மெல்லிய குரலில் சொல்கிற காரணம். "அக்கா, பேரைப் போட்டால் ஆள் ஆரெண்டு தெரிஞ்சிடும்."

இது திருகோணமலை. கந்தளாயிலிருந்து சிங்கள ஆட்கள் வருவார்கள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் முஸ்லிம் ஆட்கள் வருவார்கள், நாங்கள் இருக்கிறோம். பெயரைப் பார்த்தால் இனம் தெரியும், ஊர்கூடத் தெரியும். அதனால்தான் எங்கள் ஊரில் இத்தனை ஸ்டார், இத்தனை சிட்டி, இத்தனை ஓஷன். எனக்கு விளங்காமல் இல்லை. 1983 ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், இந்த ஊரிலும் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு அப்பா பலகையிலிருந்த தன் பெயரைத் தானே ஏணி வைத்து ஏறிச் சுரண்டினார் என்று அம்மா சொல்வார். எரிந்தவர்களோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மனிதன் ஊரார் பெயரையெல்லாம் ஈய எழுத்தில் ஒவ்வொன்றாகக் கோர்த்து அச்சடித்தவர். தன் பெயரை மட்டும் சாகும்வரை ஒரு தாளிலும் அடித்துப் பார்க்கவில்லை. அவருடைய பெயரை நாங்கள் அச்சில் பார்த்தது அவருடைய கல்வெட்டில்தான், அதாவது செத்தவர் நினைவாக அடிக்கிற புத்தகத்தில்.

கல்வெட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அடிக்கக் கொடுக்கிற அதே ஆட்கள், மருமகனின் தங்கையின் பெயர் விடுபட்டால் என் கடை வாசலில் நின்று சண்டை பிடிப்பார்கள். கனடாவிலிருந்து போன் வரும், "எங்கட பேர் எங்கே?" என்று. திரும்ப அடித்தும் கொடுத்திருக்கிறோம். செத்தவரோடு பெயர் வர வேண்டும், உழைக்கிற கார்ட்டில் வரக்கூடாது. நல்ல நியாயம்.

பயந்தவர்களைக் குறை சொல்லவில்லை. பயத்தில் எடுத்த பெயர் வேறு, வெட்கப்பட்டு எடுக்கிற பெயர் வேறு. பயந்துபோன ஒரு கடைக்காரர் பெயர் வேண்டாம் என்றால் நான் பேசாமல் அப்படியே அடித்துக் கொடுப்பேன். ஆனால் ஏசி அறையில் இருந்துகொண்டு, பெயர் போடுகிறவனைப் பட்டிக்காடு என்று பகிடி பண்ணுகிறவரோடு எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். இத்தனை வருஷம் ஒளித்துவைத்த பெயரை ஒருவர் துணிந்து வெளியில் போடுகிறார், அதற்குச் சிவப்பு வட்டமா?

அந்த அண்ணா நேற்று கடைக்கு வந்தார். படத்தை யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தங்கச்சி, அடுத்த முறை பேரைக் கொஞ்சம் சின்னனாக்கேலுமோ?" என்று மட்டும் கேட்டார். ஏலாது அண்ணா என்று சொல்லிவிட்டேன். அதே அளவில்தான் அடிப்பேன், காசு பிறகு தாருங்கள் என்றேன்.

இப்போது "அக்கா, ஒரு கார்ட்டுக்கு ஏன் இவ்வளவு சூடு?" என்று கொமென்ட் போடத் தயாராக இருப்பவர்களுக்கு ஒன்று. ரோஜாப்பூவையும் நடிகர் படத்தையும் போட்டுக்கொண்டு வருகிற கணக்குகளுக்கு இங்கே பதில் கிடையாது. சொந்தப் பெயரில் வாருங்கள், கதைப்போம்.