நாய்க்கடியில் நாம் போடும் தப்புக் கணக்கு

நாய் கடித்தால் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது ரத்தம் எவ்வளவு வந்தது என்பதை. சதை கிழிந்தால் உடனே ஆஸ்பத்திரி. வீட்டுக் குட்டிநாய் பல் பட்டு லேசாகத் தோல் கீறினால், "இதுக்குப் போயா ஊசி, மஞ்சளை வை" என்று முடித்துவிடுவார்கள். ரேபிஸ் எனும் வெறிநோயின் கிருமி இருப்பதோ வெறிபிடித்த நாயின் எச்சிலில். சின்னக் கீறலே அதற்குப் போதும். நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும். முகம், கழுத்து, விரல் நுனி என்றால் காயம் கடுகளவு இருந்தாலும் ஆபத்து கூடுதல்.

"வேர் குடிச்சு எங்க ஊர்ல எத்தனை பேர் பிழைச்சிருக்காங்க தெரியுமா?" என்பார்கள். பிழைத்தது உண்மைதான். கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி கிடையாது. அதனால் வேரும் பலிக்கும், மந்திரித்த தண்ணீரும் பலிக்கும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் பலிக்கும். வெறிநாயிடம் கடிபட்டு வேரை நம்பியவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார். அறிகுறி தெரிய பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும் என்பதால் கடித்ததே வீட்டில் மறந்திருக்கும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

கடித்தவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பலர் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கட்டுப் போட வேண்டாம், அவசரப்பட்டுத் தையலும் வேண்டாம்.

தடுப்பூசியைத் தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் போட்டால் 14-ஆம் நாளும் சேரும். 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் அல்ல. புட்டத்தில் போடக் கூடாது, கையில்தான், குழந்தைகளுக்குத் தொடையில். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது முன்பே தயாரான எதிர்ப்புச் சக்தியை நேரடியாகத் தரும் மருந்து. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அதைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். முதல் தடுப்பூசியோடு போடுவதே சரி, அந்த ஊசி போட்டு 7 நாள் தாண்டினால் பயனில்லை. டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்; விடுபட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தில் இன்னும் சிலர் ஒளிகிறார்கள். அந்த மருந்து வழக்கொழிந்து 20 வருடம் ஆகிறது. பத்தியமும் கிடையாது, கோழி, கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம்.

"நாயைப் பத்து நாள் பார்ப்போம்" என்பது ஊசியைத் தள்ளிப்போட அல்ல. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு நாயைக் கவனியுங்கள். நடுவில் ஒரு தேதி தவறிவிட்டால் மறுநாளே போய்ப் போட்டு மிச்சத்தைத் தொடருங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை.