அக்ரிலிக்கில் உணர்ச்சி வராதா?

"அக்ரிலிக் வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும், அதனால் அறைக்குள் விழும் வெளிச்சமோ மனித உருவமோ உயிரோடு வராது, அதற்கு ஆயில் பெயின்ட்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். காய்வது உண்மை, முடிவு தவறு.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 1970–71இல் தீட்டிய 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் கிளார்க் அண்ட் பெர்சி' முழுக்க அக்ரிலிக். நிற்கும் மனைவி, உட்கார்ந்திருக்கும் கணவர், அவர் மடியில் வெள்ளைப் பூனை. இருவருக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சம். அந்த இடைவெளியே அவர்களுடைய உறவைச் சொல்லிவிடுகிறது. கணவரின் வெறுங்கால் கம்பள இழைகளுக்குள் புதைந்திருப்பதைப் பாருங்கள், எவ்வளவு மென்மை!

சீக்கிரம் காய்வது உண்மையில் வசதி. அடர்பழுப்புச் சுவரைத் தீட்டிக் கொஞ்ச நேரத்தில், அதன்மேல் உலர்ந்த தூரிகையால் மஞ்சளை இழுத்தால் கீழே உள்ள நிறம் கலங்காது. சொரசொரப்பான அந்தக் கோடே மாலை வெயிலாகிவிடும். கன்னத்தில் நிறங்கள் இழைய வேண்டுமென்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்கலாம், தண்ணீர் தெளிக்கலாம்.

உண்மையான சிக்கல் வேறு. நிறத்தூளைப் பிடித்து வைக்கும் பிணைப்பான் ஈரத்தில் பால்போல இருக்கும்; அது காயும்போது தெளிந்துவிடுவதால் நிறம் சற்று அடர்ந்து தெரியும். தோல் நிறத்தை ஒரு சாயல் வெளுப்பாகவே கலந்துகொள்ளுங்கள்.