மில்டனை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் என்றாலே கடினம் என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.ஏ.வில் எனக்கு அவருடைய 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் முதல் காண்டம் பாடம். கைடு படித்துத் தேர்வு எழுதினேன், அவ்வளவுதான். பல வருடம் கழித்து ஒரு ராத்திரி சத்தமாகப் படித்தபோதுதான் அது காதுக்கென்றே செய்த கவிதை என்று புரிந்தது.

வேறு எப்படி இருக்கும்? 1652-க்குள் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. அதே வருடம் மனைவியும் ஒரே மகனும் இறந்தார்கள். 1660-ல் இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பியது. முந்தைய மன்னன் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை கொடுத்தது சரி என்று வாதாடியவர் ஆயிற்றே, அவர் புத்தகங்களை எரித்தார்கள், அவரைச் சிறையில் போட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது. அந்த மனிதர் ராத்திரியில் வரிகளை மனதுக்குள்ளேயே கட்டிவைத்துக்கொண்டு, காலையில் எழுத ஆள் வரும்வரை காத்திருப்பார். ஆள் வரத் தாமதமானால், "என்னைக் கறக்க வேண்டும்" என்பாராம். மடி கட்டிக்கொண்ட பசு எப்படிக் கத்தும் என்று மாடு வளர்த்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் அப்படிக் கறந்தவை.

அப்புறம் இன்னொன்று. முதல் வாக்கியமே பதினாறு வரி. 'பாடு' என்ற வினை ஆறாவது வரியில்தான் வருகிறது. ஆங்கிலேயர்களே இதில் திணறுவார்கள். வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம், அதனால் மில்டன் நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில்தான் இருக்கிறார் என்பது என் எண்ணம்.

மகள்களுக்கு அர்த்தமே தெரியாத மொழிகளில் புத்தகங்களைக் கொடுத்து, தனக்காக உரக்க வாசிக்க வைத்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்கள் கசந்துபோனதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் மூன்றாம் காண்டத்தின் தொடக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒளியை வணங்கித் தொடங்குகிறார். பருவங்கள் திரும்பி வருகின்றன, எனக்குப் பகல் மட்டும் திரும்புவதில்லை என்கிறார். இழந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார்: வசந்தத்தின் பூ, கோடையின் ரோஜா, ஆட்டு மந்தை, மாட்டு மந்தை. கடைசியாகத்தான் மனித முகம் வருகிறது. அந்த இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிடும்.