மூலை மழுங்கும் சதுர அலை

ஆஸிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) கிட்டை வாங்கி நாமே கோர்க்கும்போது, பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங்தான் கஷ்டம் என்கிறார்கள். இல்லை, கடைசியில் வரும் டிரிம்மர் கெப்பாசிட்டர்தான் (திருகி அளவை மாற்றும் குட்டி மின்தேக்கி) உயிரை வாங்குகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்து, திரையில் அதன் மூலை கூர்மையாகும்வரை டிரிம்மரைத் திருக வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவரை வைத்தால் மூலை அழகாக நிற்கிறது, எடுத்ததும் மழுங்கிவிடுகிறது. கையும் இரும்பும் சேர்ந்தே சில பிக்கோஃபாரடை (மின்தேக்கியின் அளவைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) கூட்டிவிடுகின்றன. டிரிம்மரின் மொத்த அளவே சில பத்து பிக்கோஃபாரட்தானே!

இதற்குப் பிளாஸ்டிக் திருகி வேண்டும். ரேடியோ மெக்கானிக்குகள் எல்லோரிடமும் ஒரு காலத்தில் இருந்த சாமான். ஜங்ஷன் பக்கம் கேட்டேன், பாளையங்கோட்டையில் கேட்டேன். "இப்போ யாரு அதையெல்லாம் கேக்கா அண்ணாச்சி?" என்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கிட்டோடு போட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் அந்தக் கையேடு. மூலை எந்தப் பக்கம் திருகியும் நேராகவில்லை என்றால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. பெரும்பாலும் பக்கத்துக் கெப்பாசிட்டரை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக மாற்றி வைத்திருப்போம். அதன் மேல் உள்ள எண்ணில் கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்லும்: 121 என்றால் 120 பிக்கோஃபாரட், 120 என்றால் வெறும் 12. கடுகளவு எழுத்தில் இந்த எண்ணைக் கெப்பாசிட்டர் மேல் அச்சடித்துப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். என் அக்கா மகன் "நமக்கு இது வராது மாமா" என்று மூட்டை கட்டி வைத்துவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.