களையைக் குறைக்கிறது குளிர் இல்ல, பனி

"மைனஸ் 30 அடிச்சிருச்சு, அமெரிக்காவுல மினசோட்டா ஏரில தண்ணிக்களையெல்லாம் செத்துருக்கும், இந்த வருஷம் மீனை அள்ளலாம்"னு மேல போட்டிருக்கீங்க, அது அப்படி இல்ல ப்ரோ. வெளிய எவ்ளோ குளிர்னாலும் ஐஸுக்குக் கீழ தண்ணி தண்ணியாதான் கிடக்கும், ஆழத்துல 4 டிகிரி கிட்ட இருக்கும், வேருக்கு ஒண்ணும் ஆகாது, கரையோரம் தரை வரைக்கும் உறையிற இடத்துல மட்டும்தான் குளிரே கொல்லும்.

களையை அடக்குறது ஐஸ் மேல விழுற பனி. வெறும் ஐஸ்னா வெளிச்சம் உள்ள போயிடும், பனி கனமா மூடுச்சுன்னா கீழ கும்மிருட்டு. கர்லி லீஃப் பாண்ட்வீட்ங்கிற தண்ணிக்களையையே பாருங்க, இலை ஓரம் சுருண்டு நெளிஞ்சு இருக்குமே அதுதான், இலையுதிர் காலத்துலயே முளைச்சு ஐஸுக்கு அடியில பச்சையாவே நிக்கும், பனி கம்மியான வருஷம் மே மாசத்துலயே மோட்டார் ப்ரொப்பல்லர்ல சுத்திக்கிற அளவுக்கு வந்துரும். பனி ஜாஸ்தின்னா அந்த வருஷம் குறையும், ஆனா அதோட கெட்டி மொட்டுங்க சேத்துக்குள்ள பத்திரமா கிடக்கும், ஒரேயடியா ஒழியாது.

அப்புறம் மீன் மேட்டர், இதைத்தான் யாருமே சொல்லல. இருட்டுல செடி ஆக்சிஜன் விடுறதை நிறுத்திரும், செத்த களை அழுகி இருக்குற ஆக்சிஜனையும் இழுத்துக்கும், ஆழமில்லாத ஏரின்னா மீன் கூட்டமா செத்துப் போகும். ப்ளூகில், லார்ஜ்மவுத் பாஸ் மாதிரி மீனெல்லாம் சீக்கிரம் போயிடும், புல்ஹெட்ங்கிற கெளுத்தி வகை மீன் தாக்குப்பிடிக்கும். அதனால குளிரை மட்டும் பார்த்து ப்ளான் போடாதீங்க, உங்க ஏரி எவ்ளோ ஆழம், பனி எத்தனை வாரம் மூடியிருந்துச்சுன்னு விசாரிச்சுட்டுப் போங்க.