பெர்லின் பாடகர் குழு பற்றிய ஃபார்வர்டு: இரண்டு தகவலும் தவறு

"பெர்லினின் ஜிங்-அகாடமி சேர்ந்திசைக் குழுவை 1829-ல் மெண்டல்சோன் தொடங்கினார், அதன் இசைச்சுவடிகள் இரண்டாம் உலகப் போரில் எரிந்து சாம்பலாயின" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

குழு தொடங்கியது 1791-ல். தொடங்கியவர் கார்ல் ஃப்ரீட்ரிக் ஃபாஷ். ஜெர்மன் இசையமைப்பாளரான மெண்டல்சோன் பிறந்ததே 1809-ல்தான். சரி, 1829 எங்கிருந்து வந்தது? அந்த ஆண்டு மார்ச் 11 அன்று, இருபதே வயதில், முந்தைய நூற்றாண்டின் இசையமைப்பாளர் பாக்கின், இயேசுவின் துன்பங்களைப் பாடும் 'புனித மத்தேயு பாடுகள்' படைப்பை இந்தக் குழுவைக் கொண்டு மெண்டல்சோன் மீண்டும் அரங்கேற்றினார். ஃபாஷும், அவருக்குப்பின் குழுவை நடத்திய ட்செல்ட்டரும் பல ஆண்டுகள் பாக்கின் இசையைப் பாடவைத்துப் பழக்கியிராவிட்டால் அது நடந்திருக்காது. அவர்கள் பெயர் மறைந்துபோவதுதான் எனக்கு வருத்தம். 1833-ல் தலைமைப் பொறுப்புக்கு மெண்டல்சோன் போட்டியிட்டார். ஆனால் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது ருங்கன்ஹாகன் என்பவரை.

சுவடிகளும் எரியவில்லை. போரின்போது பெர்லினிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவை, 1999-ல் உக்ரைனின் கீவ் நகரில் உள்ள அரசு ஆவணக்காப்பகம் ஒன்றில் கிடைத்தன. 2001-ல் ஊர் திரும்பின. பாக் குடும்பத்தாரின் கையெழுத்துப் படிகளும் அவற்றில் உண்டு. இப்போது பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்தின் பட்டியலிலும் குழுவின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.